சொட்டு நீலக் கோபுரம்

மாசி 3

நீலம் வேண்டுமாம் துரைக்கு!

ஊர் ஈஸ்வரன் கோயிலுக்கு ஆனி மாதம் கும்பாபிஷேகம். ஏழு நிலை ராஜகோபுரத்துக்கும் வர்ணம் தீட்டுவது நானும் கோமதிநாயகமும். கோமதி என் சம்சாரம் ஆவுடையின் கூடப் பிறந்த தம்பி. முப்பது வருஷமாக என்னோடு சாரம் ஏறுகிறவன். ஒரு கோபுரத்தில் இரண்டு பேர் வேலை பார்த்தால் நாங்கள் நிலையைப் பிரித்துக்கொள்வதில்லை, வர்ணத்தைப் பிரித்துக்கொள்வோம். நிலையைப் பிரித்தால் மூன்றாம் நிலை நீலமும் நாலாம் நிலை நீலமும் சேராது. ஒரு வர்ணத்துக்கு ஒரே கை. நந்திக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, அவனவன் வர்ணத்தில் கையை முக்கி அதில் பதித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அடுத்தவன் வர்ணத்தைத் தொட்டவன் சாரத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். எப்பேர்ப்பட்ட கொம்பனானாலும் சரி.

முப்பது வருஷமும் நீலமும் வெள்ளையும் எனக்கு. சிவப்பும் மஞ்சளும் அவனுக்கு. இன்றைக்குத் துணி விரித்ததும் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்கிறான்: "அத்தான், இந்தத் தடவ நீலமும் வெள்ளையும் நான் பாத்துக்கிடுதேன். நீங்க செவப்பும் மஞ்சளும் எடுத்துக்கோங்களேன்."

"ஏம்ல? போன வருஷம் நான் போட்ட நீலத்துல என்னல கொறை?"

தரையைப் பார்க்கிறான். "கொறைன்னு இல்ல அத்தான். சும்மா ஒரு மாத்தத்துக்கு."

மாற்றத்துக்காம்! திருப்பணிக் கமிட்டிச் செயலாளர் ஆபத்துக்காத்தான் அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நீல வாளியில் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு, துணியில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். அண்ணாச்சி சட்டையெல்லாம் தெறித்தது. தெறிக்கட்டும்.

மாசி 5

ஆவுடைக்கு வரவர வேட்டி துவைக்கத் தெரியவில்லை. மஞ்சள் தண்ணீரில் முக்கின மாதிரி கொண்டுவந்து நீட்டுகிறாள். கூடக் கொஞ்சம் சொட்டு நீலம் விடு என்றேன். "இதுவே நீலமாத்தான் இருக்குங்க" என்கிறாள். தம்பிக்காரன் புத்தி அக்காளுக்கு இல்லாமல் போகுமா? நானே பாட்டிலைக் கவிழ்த்து வேட்டியை முக்கி எடுத்துக் கொடியில் போட்டேன். இப்போதுதான் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது.

மாசி 14

வர்ணக் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான். வெள்ளையில் நீலச் சாயத்தை விட்டுக் கலக்கினால் ஆகாச நீலம் வரவேண்டும். வருவது பாசி பிடித்த தொட்டித் தண்ணீர். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரன் புது டப்பா உடைத்துத் தந்தான். அதுவும் அதே கதிதான். கடைசியில் வழக்கமாக விடுவதைப்போல் இரண்டு பங்கு விட்டேன், நிறம் வந்தது. வெள்ளையும் அப்படித்தான் பழுப்படித்து வருகிறது. அதற்கும் நீலம் விட்டுத்தான் வெளுக்க வைத்தேன். இந்தக் காலத்தில் எதில்தான் சுத்தம் இருக்கிறது?

மாசி 20

விஷயம் வெளியே வந்துவிட்டது.

மத்தியானம் மூன்றாம் நிலையில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேலையாட்களுக்குக் கேட்காதபடி சொல்கிறான்: "அத்தான், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கண் முகாம் போட்டிருக்காவ. ஒரு எட்டுப் போய்க் காட்டிட்டு வாங்களேன். நானும் கூட வாறேன்."

அப்படிப் போடு! உலகநாதனுக்குக் கண் போய்விட்டது என்று நாலு கோயிலுக்குச் செய்தி போனால் போதும். அதற்கப்புறம் எவன் என்னைச் சாரத்தில் ஏற்றுவான்? சாமிக்கே கண் திறக்கிற கை இது. கருவிழியில் கடைசிப் புள்ளி வைக்கிறவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டு என்கிறான்.

"ஒனக்கு நீலந்தானல வேணும்? என் கண்ண ஏம்ல கேக்க?" என்றேன். சோற்றுச் சட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். இன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

பங்குனி 1

பச்சையால் வந்தது வினை.

பச்சை எங்கள் இரண்டு பேருக்கும் பொது. என் நீலத்தில் பாதி, அவன் மஞ்சளில் பாதி. பேச்சு இல்லை என்று ஆனபிறகு நான் எப்படி நீலம் கொடுப்பேன்? அவனும் மஞ்சள் வாளியை மூடிவைத்துக்கொண்டான். முதல் நிலையில் அம்மன் கல்யாணக் காட்சி. அம்மன் பச்சை இல்லாமல் சுண்ணாம்போடு நிற்கிறாள். கையில் இருக்கிற கிளியும் வெள்ளை. ஆபத்துக்காத்தான் அண்ணாச்சி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏய்யா, அத்தானுக்கும் மச்சானுக்கும் சண்டைன்னா அம்மன் என்னய்யா செஞ்சா?"

அவனைக் கேளுங்கள் என்றேன். அவன் என்னைக் கேட்கச் சொன்னானாம்.

பங்குனி 4

ஆவுடை சாரத்தடியில் வந்து நின்றுகொண்டு ஊரைக் கூட்டிவிட்டாள்.

"ஏங்க, ஒரு தூக்குவாளி நீலம் எறக்கி விடுங்க. லேய் கோமதி, ஒன் மஞ்சள எறக்குல. ரெண்டு பேரும் கலக்க வேண்டாம், நானே கலக்குதேன்."

"நீ கலக்குனா அது வர்ணமா? சாம்பாரா?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

"சாம்பாராவது வீட்டுல ஒழுங்கா கொதிக்கி. நீங்க ரெண்டு பேரும் இருக்கிற இருப்புல கோயில்ல வெளக்கு எரியுமா?"

கீழே டீக்கடையில் ஒரே சிரிப்பு. இரண்டு வாளியும் கயிற்றில் இறங்கின. அவள் நடுவில் நின்று கலக்கினாள். எனக்குப் பார்க்கப் பழுத்த வாழையிலை மாதிரி இருந்தது. இன்னும் நீலம் விடு என்றேன். கோமதி இரண்டாம் நிலையிலிருந்து, "போதும்க்கா, நிப்பாட்டு" என்றான். அவள் அவன் பேச்சைத்தான் கேட்டாள்.

பங்குனி 9

அம்மன் முடிந்தாள். பேச்சு இல்லை.

பங்குனி 17

ஐந்தாம் நிலையில் மூங்கில் இருக்கிறது என்று கால் வைத்தேன், இல்லை. கோமதி எட்டி முழங்கையைப் பிடித்தான். கொஞ்ச நேரம் அவன் கையிலேயே தொங்கினேன். சாரம் கட்டினவனைத்தான் உதைக்க வேண்டும், எந்த மூங்கில் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கட்டிவைத்திருக்கிறான்.

மேலே ஏறி நின்றதும் கோமதியின் கையை உதறிவிட்டேன்.  

பங்குனி 25

இந்தப் பேனா சரியில்லை, எழுத்து கலங்குகிறது. தெருவிளக்கெல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். அரசாங்கக் காசு என்றால் இப்படித்தான் மட்டமான சாமானாக வாங்குவார்கள்.

சித்திரை 8

பிடித்துவிட்டேன்.

கல்யாணக் காட்சியில் அம்மனைத் தாரைவார்த்துக் கொடுக்கிற பெருமாள் நிற்கிறார். அவருக்கு நான் போட்ட நீலம் மாதிரி இந்த ஜில்லாவில் எவனும் போட்டதில்லை. இன்று காலையில் தற்செயலாக அந்தப் பக்கம் இறங்கினேன். பெருமாளின் முகமும், தண்ணீர்க் கிண்டி பிடித்த கையும் அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

கத்தின கத்தில் கோயில் புறா எல்லாம் பறந்துவிட்டது. கமிட்டி வந்தது, வேலையாட்கள் வந்தார்கள், அர்ச்சகர்கூட வந்தார். கோமதி ஓடவில்லை, ஒளியவில்லை. அங்கேதான் நின்றான். நகக்கண்ணெல்லாம் நீலம்.

"பாருங்கவே எல்லாரும்! என் பெருமாள எப்படி அழுக்காக்கி வச்சிருக்கான் பாருங்க!" என்றேன்.

எல்லோரும் பெருமாளின் முகத்தையும் பார்த்தார்கள், நான் தீட்டின மார்பையும் பார்த்தார்கள்.  ஆபத்துக்காத்தான் அண்ணாச்சி, "உலகநாதம், எனக்கென்னமோ இந்த முகந்தான் எடுப்பா இருக்க மாதிரி..." என்று இழுத்தார்.

"காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ம்பாவ. ஒமக்குக் கண்ணு கெட்டுப்போச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் கோமதியின் முகத்தைப் பார்த்தார். கோமதி வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். இரண்டு பேருக்கும் உள்கை இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

"தொட்டியால? தொடலியால? அத மட்டும் சொல்லு" என்று கேட்டேன்.

"தொட்டேன் அத்தான்."

"எதுக்கு?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "கை பதறிட்டு" என்றான்.

தூரிகையைத் துடைத்து வைத்தான். சாரத்தைத் தொட்டுக் கும்பிட்டான். இறங்கிவிட்டான்.

பெருமாளின் முகத்தைத் திரும்பத் தீட்டப் போனேன். அர்ச்சகர், சண்டை நடந்த இடம், கும்பாபிஷேகத்தன்று புண்ணியாகவாசனம் பண்ணித் தீட்டுக் கழிக்கிற வரைக்கும் யாரும் தொட வேண்டாம் என்றுவிட்டார். அதற்குள் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள், முகம் அப்படியே நின்றுவிடும்போல் இருக்கிறது.

சித்திரை 9

ஆவுடை சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். "வயிறு சரியில்ல" என்றாள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஜெயித்தவன் நான். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது.

சித்திரை 22

சாரம் இறங்கினவனை இந்த வருஷம் எந்தக் கோயிலிலும் ஏற்ற மாட்டார்கள். தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சுவரில் டிஸ்டெம்பர் அடிக்கிறானாம் கோமதி. யாளிக்கு நாக்குச் சிவப்பு வைத்தால் எச்சில் ஊறுவது மாதிரி வைக்கிறவன். கேட்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வழக்கம் என்றால் வழக்கம். நானா போய்த் தொடச் சொன்னேன்?

இப்போது எல்லா வர்ணமும் என் கைதான். பச்சை கலக்கும்போது மட்டும், போதும் நிப்பாட்டு என்று சொல்ல ஆள் இல்லை.

வைகாசி 30

சாரம் பிரித்தார்கள். சுற்றிக் கட்டியிருந்த வலையெல்லாம் கீழே விழுந்தது. ஊர் மொத்தமும் மேலரத வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தது.

முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு நீலம் நான் போட்டதில்லை. ரிஷபம் பால் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒருவர்கூட வாய்விட்டுப் பாராட்டவில்லை. பின்னால் யாரோ ஒரு பெண் 'களுக்' என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள். ஆவுடை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஆனந்தக் கண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

ஆனி 2

டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், இதற்குச் 'சொட்டு நீலக் கோபுரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வயிற்றெரிச்சல். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

ஆனி 6

கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிற நேரம், "கருடன்! கருடன்!" என்று கூட்டம் கத்தியது. எல்லாக் கையும் மேலே போயிற்று. வெயில் கூசியதால் எனக்குத் தெரியவில்லை. நானும் கையைத் தூக்கிக் கும்பிட்டேன். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆடி 4

வாசல்படியில் தடுக்கி விழுந்தேன். உதட்டில் இரண்டு தையல். தையல் போட்ட டாக்டர் பிள்ளை என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திருக்கு. மூணு நாலு வருஷமா இருக்குமே, யாரும் சொல்லலியா?" என்று கேட்டது.

ஆவுடை என்னை முந்திக்கொண்டு, "சொன்னோம்மா" என்றாள்.

ஆடி 12

நேற்று வலது கண்ணில் அறுவை. இன்று காலை கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் பார்த்தது என் மடியை. யாருடைய வேட்டியையோ கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆகாச நீலத்தில் ஒரு வேட்டி. "இது யார் வேட்டி?" என்று கேட்டேன்.

"ஒங்களுதுதாங்க" என்றாள் ஆவுடை.

ஆட்டோ மேலரத வீதியில் திரும்பியது. நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன்.

இதை எப்படி எழுதுவது? ரிஷபம் நீலம். பூதகணங்களின் பல் நீலம். விஷம் உண்ட சாமிக்குத் தொண்டையில் மட்டும்தான் நீலம் இருக்க வேண்டும், உடம்பு முழுக்க விஷம் ஏறின மாதிரி நிற்கிறார். ஏழு நிலையும் மைக்கூட்டைக் கவிழ்த்தது மாதிரி இருக்கிறது. அத்தனைக்கும் நடுவில், கீழே, பெருமாளின் முகமும் ஒரு கையும் மட்டும் மழைக்கு முந்தின மேகம் மாதிரி, பார்த்தால் கும்பிடத் தோன்றுகிற நீலத்தில் இருக்கின்றன. நான் அழுக்கு என்று ஊரைக் கூட்டினது அதைத்தான்.

கையால் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் எல்லாம் நான் தீட்டினபடியே இருந்தது. ரிஷபம் பால் மாதிரி இருந்தது. பெருமாள் முகம்தான் அழுக்கு. கையை எடுத்தேன். மறுபடி மூடினேன். ஆட்டோக்காரர் பாவம், ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார்.

ஐயோ, ஆவுடை, ஆவுடை என்று மட்டும்தான் எனக்கு வாயில் வந்தது.

ஆடி 14

ஆபத்துக்காத்தான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். காலில் விழாத குறை.

"சாரம் கட்டித் தாரும் அண்ணாச்சி. நானும் கோமதியும் ஒரு மாசத்துல சரி பண்ணிருதோம்."

அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "கலசத்துல தண்ணி ஊத்தியாச்சே உலகநாதம். இனிமே அதுல பிரஷ் வைக்க முடியுமா? பன்னெண்டு வருஷம் கழிச்சு, அடுத்த கும்பாபிஷேகத்துக்குத்தான்."

"அப்போ கோமதி பேர்ல தப்பில்லன்னாவது கோயில்களுக்குச் சொல்லும். எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொல்லும்."

"சொல்லுதேன். ஆனா தொட்டது தொட்டதுதானம்பாவ. வர்ணத்த விட வழக்கம் பெருசுன்னு நீருதான முதல்ல சத்தம் போட்டீரு?"

காப்பி கொடுத்தார்கள். எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். திட்டினால் தேவலை.

ஆடி 21

கோமதி வந்தான். சட்டையில் கல்யாண மண்டபத்து டிஸ்டெம்பர், ரோஸ் நிறம். தென்காசியிலிருந்து எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். நேராக என் கண்ணைத்தான் பார்த்தான்.

"நல்லா தெரியுதா அத்தான்?"

"தெரியுது. தெரியாம இருந்திருக்கலாம்." பிறகு கேட்டேன், "அன்னைக்கு ஏம்ல வாயத் தொறக்கல? கண்ணு தெரியாத கெழவன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? ஒன் பொழப்பு தப்பிச்சிருக்கும்லா?"

"சொன்னா அன்னைக்கே ஒங்கள எறக்கிருப்பாவ அத்தான். நான் எறங்குனா ஒரு வருஷம். நீங்க எறங்குனா அவ்வளவுதான." பழத்தை உரித்துக்கொண்டே சொன்னான். "விடியக்காலம் ஆளு வரதுக்கு முந்தி கொஞ்சங் கொஞ்சமா ஏழு நெலையும் மாத்திரலாம்னு பாத்தேன். முதல்லயே மாட்டிக்கிட்டேன்."

"பொறுமையா செஞ்சிருக்கணும்ல. ஈரத்தோட விட்டுட்டுப் போனா மாட்டாம இருக்குமா?" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் எதிரிலேயே அழுதேன். அவன் என் கையில் ஒரு சுளை வைத்து, "சாப்பிடுங்க, புளிப்பில்ல" என்றான். போகும்போது, இடது கண்ணையும் சீக்கிரம் பார்த்துவிடச் சொல்லிவிட்டுப் போனான்.

ஆவணி 3

இன்று இடது கண்ணுக்குத் தேதி. ஆவுடை காலையிலேயே பையில் துண்டு, தட்டு, டம்ளர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டாள். நான் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். எங்கள் வாசலில் நின்றால் நேர் எதிரே கோபுரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். எனக்கு வயது அறுபத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு வருஷம்.

"நேரமாச்சுங்க" என்றாள்.

"நான் வரல, ஆவுடை. அந்தக் கண்ணு அப்படியே இருக்கட்டும்."

"ஏன், பயமா இருக்கா?"

நான் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் பார்த்தாள். அவளுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள். திரும்பி வந்து என் வலது பக்கம் நின்று, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, என் வலது கண்ணைப் பொத்தினாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.